புதுப்பேட்டை இன்ஜின், கோவளம் மீன்பெட்டி

1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50, பெடல் மிதித்தும் ஓடும் வண்டி. கம்பெனி நிறுத்தினாலும் சென்னைப் புதுப்பேட்டை விடவில்லை. பழைய கார்புரேட்டர், கிளட்ச் எதுவும் தேடினால் அகப்படும். செங்கல்பட்டு மாவட்டக் கரையில், கோவளம் முதல் மாமல்லபுரம் வரை, வண்டியைத் தின்பது உப்புக்காற்று. பின்னால் கட்டிய மீன்பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் சேஸிஸின் பின்பக்கக் குழாயை அரித்துவிடும். இன்ஜின் தேறும், சேஸிஸ் தேறாது. அந்த இன்ஜினைச் சைக்கிளில் ஏற்றினால்? 25 சி.சி.க்குள் என்றால் மோட்டார் வாகனச் சட்டம் அதை மோட்டார் வாகனமாகவே கணக்கில் எடுக்காது. 50 சி.சி.க்குப் பதிவு வேண்டும். பட்டறையில் ஒட்டிச் சேர்த்ததற்கு யார் நம்பர் தருவார்? 250 வாட், 25 கி.மீ. வேகத்துக்குள் ஓடும் பேட்டரி சைக்கிளுக்குக் காட்டும் தாராளத்தை, வேகத்தைக் கட்டிப்போட்டு இதற்கும் காட்டலாம் என்பேன். சைக்கிள் பிரேக்கை நம்பி அல்ல. டிரம் பிரேக்கும் அதே காயலான் கடையில்தானே கிடக்கிறது!