பேராசிரியர் கையிலும் துண்டுச் சீட்டு

வெளிநாட்டுப் பேராசிரியர்களின் விசாவைப் பற்றி நமது ஏடு எதற்காக எழுத வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். கட்டட வேலைக்கும், துப்புரவு வேலைக்கும், ஓட்டல் வேலைக்கும் மைசூருக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் நாம். மானசகங்கோத்ரியில் நமக்குத் தெரிந்ததெல்லாம் கூட்டிப் பெருக்கும் வராந்தாவும், மெஸ்ஸில் பாத்திரம் கழுவும் தொட்டியும்தானே? பாடம் சொல்ல வரும் அயல்நாட்டாரின் காகிதங்கள் நமக்கு எதற்கு?

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் காகிதங்களைக் கொஞ்சம் பிரித்துப் படித்துப் பாருங்கள், தோழர்களே. அவற்றில் எழுதியிருப்பது நம் பாட்டன் பூட்டன் காலத்துக் கதை.

இலங்கைத் தோட்டங்களில் நம்மவர் லயங்களில் கிடந்த காலத்தில் ‘துண்டு’ என்று ஒரு சீட்டு இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்தில் சேர வேண்டுமானால் பழைய தோட்டத்து நிர்வாகம் அந்தச் சீட்டைக் கொடுக்க வேண்டும். தொழிலாளியின் கடன் அதில் எழுதியிருக்கும். அந்தக் கடனை ஏற்றுக்கொள்ளும் தோட்டத்துக்கே அவன் போக முடியும். துண்டு இல்லாதவனுக்கு வேறு தோட்டத்தில் இடமில்லை. உழைப்பு அவனுடையது, ஆனால் அதை எங்கே கொண்டுபோய் விற்பது என்று தீர்மானிக்கும் உரிமை துரையுடையது. 1921ஆம் ஆண்டு சட்டம் போட்டு இந்த முறையை ஒழித்தார்கள். 1964ஆம் ஆண்டு சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பேரில் திரும்பி வந்து சுள்ளியா, புத்தூர் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்ந்த நம் உறவினர்களிடம், துரையின் தயவில் வாழ்வதென்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள்.

சீட்டு ஒழிந்தது. அதன் தத்துவம் ஒழிந்ததா? கூலி கொடுப்பவன் கையிலேயே குடியிருக்கும் உரிமையின் சாவியையும் கொடுத்து வைப்பதுதான் அந்தத் தத்துவம். இன்று அது கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு பல்கலைக்கழக வாசலில் நிற்கிறது.

மைசூரில் அன்றும் இன்றும்

மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916இல் தொடங்கப்பட்டது. மைசூர் அப்போது தனி சமஸ்தானம். சென்னை மாகாணத்துத் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் 1918இல் இங்கே தத்துவப் பேராசிரியராக வந்தார். வங்காளத்திலிருந்து பிரஜேந்திரநாத் சீல் 1921இல் துணைவேந்தராக வந்தார். கன்னட நாட்டு அறிஞர்களோடு இப்படி வெளியிலிருந்து வந்தவர்களும் சேர்ந்துதான் இந்தக் கல்விக்கூடத்தை வளர்த்தார்கள். ராதாகிருஷ்ணன் 1921இல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டபோது, மாணவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு வண்டியைத் தாங்களே இழுத்து ரயிலடி வரை கொண்டு சேர்த்த கதை ஊரறிந்தது. அவர் ஒரு பல்கலைக்கழகத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக யாரிடமும் துண்டு கேட்கவில்லை.

இன்று வெளிநாட்டார் ஒருவர் இந்தியப் பல்கலைக்கழகத்தில் வேலைக்கு வருவதென்றால் வேலைவாய்ப்பு விசா வேண்டும். ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்குக் குறையக் கூடாது என்பது பொது விதி. மத்திய அரசின் உயர்கல்வி நிறுவனங்களுக்கு வரும் உதவிப் பேராசிரியர்களுக்கு 9.10 லட்சம் என்று சலுகை உண்டு. மைசூர்ப் பல்கலைக்கழகம் போன்ற மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அந்தச் சலுகை இல்லை. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்தவர் 14 நாளுக்குள் பதிவு அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். விருந்தினர் விடுதியில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தகவல் போக வேண்டும். 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடிவரவு, வெளிநாட்டவர் சட்டம், கல்வி நிறுவனங்கள் தம்மிடமுள்ள வெளிநாட்டவரைப் பற்றித் தகவல் தரவேண்டிய கடமையைத் தனிப் பிரிவாகவே எழுதி வைத்திருக்கிறது.

இவற்றில் பதிவு, முகவரி, தகவல் ஆகியவற்றோடு நமக்குச் சண்டை இல்லை. யார் வந்தார், எங்கே இருக்கிறார் என்று ஓர் அரசாங்கம் தெரிந்துகொள்ள விரும்புவது இயற்கை. நாம் எதிர்ப்பது அடுத்த இரண்டு விதிகளை. வேலைக்கு அமர்த்திய நிறுவனமே அவருடைய நடத்தைக்கும், விசா முடிந்ததும் அவர் நாட்டை விட்டுப் போவதற்கும் பொறுப்பு என்கிறது ஒரு விதி. விசாக் காலத்துக்குள் அவர் வேறு முதலாளியிடம் மாறக் கூடாது என்கிறது இன்னொரு விதி. அதே குழுமத்தின் வேறு கம்பெனிக்குப் போவது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பல்கலைக்கழகம் ஜாமீன்தாரராகிறது. ஆசிரியர் ஜாமீனில் இருப்பவராகிறார். துறைத் தலைவரின் அநீதியைத் தட்டிக் கேட்டால் போவது வேலை மட்டுமா? வீடும், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் சேர்ந்தே போகும்.

வளைகுடாவின் ‘கஃபாலா’ முறையைப் பற்றி நாம் கண்ணீரோடு பேசுகிறோம். கத்தார்கூட, முதலாளியின் சம்மதக் கடிதம் இல்லாமல் வேலை மாறலாம் என்று 2020இல் சட்டத்தைத் திருத்தியது. நடைமுறையில் குறைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பாலைவனத்து எண்ணெய் முதலாளிக்கு வேண்டாமென்று சட்டம் எடுத்துவிட்ட அதிகாரத்தை அறிவுக் கோயில்கள் கையில் வைத்திருப்பது வெட்கமில்லையா?

கடல் தாண்டிய நம் பிள்ளைகள்

இது அயலாரின் கஷ்டம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. சித்தாள் வேலை செய்து, சீட்டுக் கட்டி, தாலியை அடகு வைத்துப் படிக்க வைத்த நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று ஆராய்ச்சிக்கும் ஆசிரியர் வேலைக்கும் பிரிட்டனுக்குப் போகிறார்கள். அங்கே 2008இலிருந்து பல்கலைக்கழகங்கள் ‘ஸ்பான்சர் லைசென்ஸ்’ வாங்கியே வெளிநாட்டாரை வைத்துக்கொள்ள முடியும். லைசென்ஸ் வாங்கிய பல்கலைக்கழகம் பாஸ்போர்ட் நகல், முகவரி, தொலைபேசி எண், சம்பளக் கணக்கு எல்லாவற்றையும் கோப்பில் வைத்திருக்க வேண்டும். சொல்லாமல் பத்து வேலைநாளுக்கு மேல் வராவிட்டால் உள்துறைக்கு எழுத வேண்டும். வேலை போனால் அதையும் எழுத வேண்டும். அதன் பிறகு பெரும்பாலும் அறுபது நாள் அவகாசம். அதற்குள் வேறு ஸ்பான்சர் கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

பல்கலைக்கழகங்கள் ஏன் இதற்கு இவ்வளவு பணிகின்றன? 2012 ஆகஸ்டில் லண்டன் மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தின் லைசென்ஸை அரசு பறித்தது. 2,000க்கும் மேற்பட்ட வெளிநாட்டு மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அந்த ஓர் அடி எல்லாப் பல்கலைக்கழகங்களின் முதுகிலும் விழுந்தது. அன்று முதல் சட்டம் ஒரு பங்கு கேட்டால் பயம் இரண்டு பங்கு கேட்கிறது. ஊழியருக்குத் துணை நிற்க வேண்டிய அலுவலகம் ஊழியரை உளவு பார்க்கும் அலுவலகமாகிவிடுகிறது.

இந்த முறை யாருக்குப் பயன்படுகிறது என்பதை 2018 காட்டியது. அந்த ஆண்டு பிப்ரவரி, மார்ச்சில் பிரிட்டிஷ் பல்கலைக்கழக ஆசிரியர்கள் ஓய்வூதியத்துக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளமில்லாமல் இருபது நாளுக்கு மேல் வேலைக்கு வராதிருந்தால் ஸ்பான்சர்ஷிப் போகலாம் என்று அப்போது ஒரு விதி இருந்தது. வெளிநாட்டு ஆசிரியர்கள் மறியலில் நிற்கப் பயந்தார்கள். கூலிக்காக நின்றால் நாட்டைவிட்டே அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம்! ஆசிரியர் சங்கமும் மற்றவர்களும் குரல் எழுப்பினார்கள். சட்டப்படியான வேலைநிறுத்த நாட்களை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று அதே ஆண்டில் அரசு அறிவித்தது. யாரும் தானமாகக் கொடுத்த உரிமை அல்ல அது. கேட்டதால் கிடைத்தது.

மணிக்கணக்கும் ஆண்டுக்கணக்கும்

இனி நம் வீட்டுக்கு வருவோம். வெளிநாட்டார் ஒருவர் அறை எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் போகிறது. காகிதம் ஒருநாள் பிந்தினால் அதிகாரிகள் பதறுகிறார்கள். சரி, தொழிலாளியைப் பாதுகாக்க எழுதிய காகிதத்துக்கு இந்த வேகம் உண்டா?

மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளருக்கென்று 1979இல் ஒரு சட்டம் வந்து 1980 அக்டோபர் 2ஆம் தேதி நடைமுறையானது. ஐந்து பேரும் அதற்கு மேலும் கூட்டி வரும் காண்டிராக்டர் ஒவ்வொருவருக்கும் புகைப்படம் ஒட்டிய கைப்புத்தகம் கொடுக்க வேண்டும். நம்மவர் என்றால் அது தமிழிலும் எழுதியிருக்க வேண்டும். மாதக் கூலியில் பாதி, அல்லது 75 ரூபாய், எது அதிகமோ அது இடப்பெயர்வுப் படியாகத் தர வேண்டும். போகவரப் பயணப்படியும் தர வேண்டும். நாற்பது ஆண்டுக்கு மேல் இந்தச் சட்டம் உயிரோடு இருந்தது. நம்மில் எத்தனை பேர் அந்தக் கைப்புத்தகத்தைக் கண்ணால் கண்டோம்? 2025 நவம்பர் 21 அன்று அதன் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்பு வந்துவிட்டது. அதில் ஐந்து பேர் என்பது பத்துப் பேராயிற்று. இடப்பெயர்வுப் படி காணாமலே போயிற்று.

தொழிலாளியைக் கண்காணிக்கும் காகிதத்துக்கு மணிக்கணக்கு, அவனைக் காக்கும் காகிதத்துக்கு ஆண்டுக்கணக்கு! பேராசிரியரானாலும் பெருக்குபவரானாலும் இந்தக் கணக்கு ஒன்றுதான்.

“அவர்கள் அந்நியர், நாம் குடிமக்கள்”

நம்மில் சிலர் இப்படிச் சொல்லி ஆறுதல் அடைகிறார்கள். 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை ஒட்டி பெங்களூரிலும் மைசூர்ப் பகுதியிலும் கலவரம் நடந்தபோது, நம் குடும்பங்களிடம் யாரும் விசா கேட்கவில்லை. எந்த ஊர் என்று மட்டும் கேட்டார்கள். மூட்டை கட்டுவதற்கு அது போதுமாயிருந்தது.

2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் தந்தது. தொழில் நிறுவனங்களின் நிர்வாகப் பதவிகளில் 50 சதவீதம், மற்ற வேலைகளில் 70 சதவீதம் உள்ளூரார்க்கு என்றது அது. மாநிலத்தில் பிறந்து, 15 ஆண்டு குடியிருந்து, கன்னடம் பேச, படிக்க, எழுதத் தெரிந்தவரே உள்ளூரார். எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே அதை நிறுத்தி வைத்தார்கள். கன்னட இளைஞருக்கு வேலை வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. அவர்கள் நம் தோழர்கள், வேலையில்லாத் திண்டாட்டம் இருவருக்கும் பொது. நம் கவலை வேறு. பிறந்த ஊரைச் சோதித்து மேலே எழுதி அனுப்பும் வேலையை முதலாளியிடம் ஒப்படைக்கும் பழக்கம் வெளிநாட்டுப் பேராசிரியரோடு நின்றுவிடும் என்று யார் ஜாமீன் தருவார்?

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. விசா ஆளுக்கு இருக்கட்டும், முதலாளிக்கு வேண்டாம். வேலை போனவருக்கு வேறு வேலை தேட ஆறு மாதமாவது அவகாசம் வேண்டும். நிர்வாகத்தின் மேல் புகார் கொடுத்தவரின் தங்கும் உரிமை, விசாரணை முடியும் வரை பறிக்கப்படக் கூடாது. வெளிநாட்டார் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும், தன் வளாகத்தில் காண்டிராக்டர் கீழ் வேலை செய்வோரின் பெயர், கூலி, சேமநிதிப் பதிவேட்டையும் அதே ஒழுங்கோடு வைத்துத் தொழிலாளர் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும்.

பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் தாய் தந்தையருக்கும் ஒரு வார்த்தை. சம்பளத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். வேலை போனால் எத்தனை நாள், வேறு இடம் மாற வழி என்ன, அங்கே சங்கம் எது என்றும் விசாரியுங்கள். பாஸ்போர்ட்டை எந்த நிர்வாகத்திடமும் விட்டுவைக்க வேண்டாமென்று சொல்லுங்கள். போய் இறங்கியதும் சங்கத்தில் சேரச் சொல்லுங்கள்.

மானசகங்கோத்ரியின் விருந்தினர் விடுதியில் நாளை ஓர் அயல்நாட்டு ஆசிரியர் வந்து இறங்கினால், அவர் அறையைக் கூட்டப் போவது நம் வீட்டுப் பெண்களில் ஒருவராக இருக்கலாம். அவருக்கு வணக்கம் சொல்லுங்கள். அவர் பையிலும் ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது.