செம்மொழியை யார் கற்பிக்கிறார்கள்?

சென்ற பருவத்தில் குறுந்தொகைப் பாடத்தின் நடுவே மாணவி ஒருத்தி எழுந்தாள். "ஐயா, 'யாய்', 'ஞாய்' இரண்டுக்கும் நோட்ஸில் 'தாய்' என்றே இருக்கிறது. பிறகு இரண்டு சொல் எதற்கு?" என்றாள். யாய் என் தாய். ஞாய் உன் தாய். காதலர் பேச்சில் அவ்வேறுபாடு மறைந்தால் கவிதையின் உயிரே போய்விடும் என விளக்கினோம்.

வகுப்பு முடிந்தபின் ஓர் உண்மை உறுத்தியது. சொல்லுக்குச் சொல் நின்று கேட்கும் அப்பழக்கத்தை அவளுக்கு ஊட்டியவர் நாமல்லர். முதலாண்டில் பதம் பிரித்துப் படிக்கக் கற்பித்த கௌரவ விரிவுரையாளர். அவர் இன்று நம் துறையில் இல்லை. ஒப்பந்தம் முடிந்தது; புதுப்பிக்கப்படவில்லை.

2004-இல் தமிழ் செம்மொழியென அறிவிக்கப்பட்டது. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் 2008 முதல் சென்னையில் இயங்குகிறது. 41 பழந்தமிழ் நூல்களைத் தன் ஆய்வுக்குரியனவாகக் கொண்டுள்ளது. இவை வேண்டுவனவே. ஆனால் அந்நூல்களுள் ஒன்றைப் பதினெட்டு வயது மாணவர் முதன்முதலாகத் தொடுமிடம் கல்லூரி வகுப்பறை. அங்கே நிற்பவரின் நிலை என்ன?

2019-இல் பல்கலைக்கழக மானியக் குழு கௌரவ விரிவுரையாளருக்கு மாதம் 50,000 ரூபாய் வரை வழங்கலாம் என்றது. அதன்பின்னும் தமிழக அரசுக் கல்லூரிகளில் அதில் பாதியை எட்டவே அவர்கள் போராட வேண்டியிருந்தது. ஊதியமும் ஆண்டுக்குப் பதினொரு மாதமே. அடுத்த சூனில் எங்கிருப்போம் என அறியாதவர் ஒரு நூலில் பத்தாண்டு தோய்வது எங்ஙனம்?

உ.வே. சாமிநாதையரை மேடைதோறும் போற்றுகிறோம். அவர் கல்லூரி ஆசிரியர் என்பதை மறந்துவிடுகிறோம். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தார். 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி 1919 வரை பணியாற்றினார். சீவக சிந்தாமணி (1887), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894) ஆகியன கும்பகோணத்தில் பாடம் சொல்லிக்கொண்டே பதிப்பித்தவை. அச்சுச் செலவுக்குக் கையொப்பம் தேடி அலைந்தார். எனினும் வேலை என்னும் பிடிமானம் அவருக்கு இருந்தது.

நிரந்தரப் பணி கிடைத்தால் எல்லோரும் ஐயராகிவிடுவரோ என்று கேட்கலாம். ஆகமாட்டார்கள். நிரந்தரப் பணியிலிருக்கும் நம்மிலும் பழைய குறிப்பேட்டையே ஆண்டுதோறும் வாசித்து ஓய்வு பெறுவோர் உண்டு. அது நமது வெட்கம். அதனைக் காட்டி இளையவர்க்கு இடம் மறுத்தல் அறமன்று.

காலிப் பணியிடங்களை முறையான தேர்வால் நிரப்புக. அதுவரை பன்னிரண்டு மாத ஊதியமேனும் தருக. துறையில் நிலைத்திருக்கும் நாமே இதை முதலில் கேட்கவேண்டியவர்கள். இதுவரை வாய் திறவாதிருந்தோம். செம்மொழி என்னும் பெருமையைச் சுமப்பவர் பெரும்பாலும் நமக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவர். அந்நாற்காலி இப்போது காலியாகக் கிடக்கிறது.