நீருக்குக் கூடும் ஊர் காட்டுக்குக் கூடாதா?

நற்பிட்டிமுனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து மேற்கே வயலுக்குச் செல்லும் விவசாயியிடம், அப்பாலுள்ள காடு யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். "அது வன இலாகாவின் காடு" என்றே விடை வரும். தமிழரிடம் கேட்டாலும் முஸ்லிமிடம் கேட்டாலும் விடையில் வேறுபாடில்லை. தமது வரம்பில் அயலவர் ஒரு சாண் வெட்டினால் நீதிமன்றம் வரை வருபவர், பாலையும் முதிரையும் இரவோடிரவாக வீழ்த்தப்படும்போது "எமக்கென்ன?" என்று முகந்திருப்பிக்கொள்கின்றார். இதனை அறியாமை என்று பழிப்போர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. இது சட்டம் கற்பித்த பாடம் என்பதே எமது துணிபு.

1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மாறாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்குரியவை என்று அனுமானித்தது. 1907 ஆம் ஆண்டின் காட்டுக் கட்டளைச் சட்டத்திலே கிராமக் காடுகளுக்கென ஓர் அத்தியாயம் இருந்தது உண்மையே. ஆயினும், ஒரு காட்டைக் கிராமக் காடாகப் பிரகடனஞ் செய்யும் அதிகாரமும், அதனை இரத்துச் செய்யும் அதிகாரமும் கிராமத்தவர் கையில் இருக்கவில்லை. 2001 இல் ஒரு சுற்றறிக்கை எஞ்சிய காடுகளை வன பரிபாலனத் திணைக்களத்திடம் சேர்ப்பித்தது. 2020 இல் மற்றொன்று அவற்றைப் பிரதேச செயலாளர்களிடம் திருப்பியது. கோப்பு ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்குச் சென்றது; ஊரை எவர் கேட்டார்?

பொத்துவில் கனகர் கிராமத்து மக்கள் 1990 இல் இடம்பெயர்ந்தனர். தாம் குடியிருந்த நிலம் காடென்று உரிமை கோரப்படுவதை எதிர்த்து 2018 இல் அவர்கள் வீதியோரத்தில் அமர்ந்தனர். இதனைக் கண்ட மக்கள், "காட்டைச் சேர்ந்து காப்போம், வாருங்கள்" என்ற அழைப்பை ஐயுறாது ஏற்பரோ?

எமது மக்களுக்குக் கூட்டாக ஆளத் தெரியாது என்று சொல்பவர்கள் ஒரு கன்னக் கூட்டத்துக்கு வந்து பார்க்கட்டும். நீர் திறக்கும் நாளும், விதைப்பு முடியும் நாளும், மாட்டுப் பட்டிகளை அகற்றும் நாளும் அங்கே தீர்மானிக்கப்படுகின்றன. 1946 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் அப்பெரும்பான்மை முடிவுக்குச் சட்டவலு தந்தது. வட்டவிதானையின் சொல்லுக்கு மதிப்பிருப்பது அவர் கையில் தடியிருப்பதால் அன்று. தீர்மானம் ஊருடையது என்பதால்.

1981 முதல் கல்லோயா இடதுகரையில் நடந்ததையும் நினைவுகூர்தல் வேண்டும். அங்கே விவசாயிகள் குழுக்களாகக் கூடி வாய்க்கால்களைத் தாமே துப்புரவு செய்தனர். தலைமடைச் சிங்கள விவசாயிகள் மிச்சப்படுத்திய நீர் கடைமடைத் தமிழ் விவசாயிகளின் வயலை எட்டியது. அதே நீரின் தாய் காடு. சேனநாயக்க சமுத்திரத்தின் நீரேந்து பகுதியைக் காக்கவே 1954 இல் கல்லோயாத் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. காடு அழிந்தால் மண் கரைந்து குளத்தில் இறங்கும். குளம் தூர்ந்தால் எமது கரையோர வயல் வறளும். நீருக்குக் கூடும் ஊர் காட்டுக்குக் கூடாதிருப்பது எந்த நியாயம்?

நேபாளத்தின் அனுபவம் எமக்கு நல்ல பாடம். 1957 இல் அந்நாடு தனியார் காடுகளை அரசுடைமையாக்கியது. தமதல்லாதது என்றான பின் மக்கள் காவலைக் கைவிட்டனர், காடு தேய்ந்தது. 1993 ஆம் ஆண்டுச் சட்டம் காட்டைப் பயனாளர் குழுக்களிடம் ஒப்படைக்க வழிவகுத்தது. நிலம் அரசினதாகவே இருந்தது. பயனும் வருமானமும் குழுவுக்குச் சென்றன. இன்று அத்தகைய குழுக்கள் 22,000 க்கும் மேல். மொட்டையாய்க் கிடந்த குன்றுகள் பல மீண்டும் பசுமை பூண்டன.

இலங்கையின் 1995 ஆம் ஆண்டு வனக் கொள்கையும் மக்களின் பங்கினை ஏற்றுக்கொண்டதே. ஆனால் கன்று நடவும் தீ அணைக்கவும் அழைப்பது மட்டும் பங்காகாது. எல்லையை ஊரவர் முன்னிலையில் அளந்து நிர்ணயித்தல் வேண்டும். விறகு, தேன், வேலிக்கம்பு, மேய்ச்சல் ஆகியவற்றின் உரிமையை எழுத்தில் தருதல் வேண்டும். கன்னக் கூட்டத்தின் தீர்மானம் போன்று ஊர்க் காட்டுக் குழுவின் தீர்மானத்துக்கும் சட்டவலு வேண்டும். கடமையை மட்டும் ஊருக்குத் தந்து உரிமையை அலுவலகத்தில் வைத்திருப்பது கூட்டு முகாமை அன்று, கூலியற்ற காவல்.

எமது பக்கத்துக் குற்றத்தையும் மறைப்பதற்கில்லை. செல்வாக்குள்ளவரின் மரவண்டி போகும்போது நாம் மௌனம் சாதித்திருக்கின்றோம். பள்ளக்காட்டில் கொட்டப்பட்ட ஊர்க் கழிவைத் தின்று, 2022 சனவரி வரையான எட்டாண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் மாண்டன என்ற செய்தி உலகெங்கும் சென்றது. அக்கழிவு அரசாங்கத்தின் வீட்டிலிருந்து வந்ததன்று. உரிமை கேட்பவர் ஒழுங்குக்கும் உடன்படுதல் வேண்டும்.

ஆதலால், சட்டம் வரட்டும் என்று காத்திராது, கோயில் பரிபாலன சபையினரும் பள்ளிவாசல் நிருவாகிகளும் விவசாய அமைப்புகளும் ஓரிடத்தில் கூடி, எமது காட்டின் எல்லை எது, தேவை எவ்வளவு, காவல் யார் என்று எழுதிவைக்க வேண்டுமென வேண்டுகின்றோம். அவ்வேட்டுடன் பிரதேச செயலகத்தின் வாயிலில் நிற்கும் ஊரை வெறுங்கையுடன் அனுப்புதல் எந்த அரசாங்கத்துக்கும் எளிதன்று.