படம் போதும், கணக்கைக் காட்டுங்கள்

அமெரிக்கக் கல்லூரிகளின் மாணவர் சேர்க்கை அதிகாரிகளுக்கு,

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் எங்கள் வீட்டில் நீங்கள் அனுப்பிய புரோஷர்கள் குவிந்து கிடக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரே மாதிரிப் படம்: புல்வெளியில் கறுப்பர், வெள்ளையர், ஆசியர், லத்தீனோ என்று வகைக்கொருவராக நாலு பேர், வாய்நிறையச் சிரிப்பு. மகளை எங்கே அனுப்புவது என்பதை இந்தச் சிரிப்பை வைத்தா முடிவுசெய்வது?

நம்ப மறுக்கக் காரணம் உண்டு. விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தன் புரோஷர் அட்டையில், ஃபுட்பால் பார்க்கும் வெள்ளை மாணவர் கூட்டத்துக்குள் ஒரு கறுப்பின மாணவரின் முகத்தைக் கணினியில் ஒட்டவைத்தது. அவர் அந்த ஆட்டத்துக்கே போகவில்லை.

எண்களிலும் சூட்சுமம் இருக்கிறது. அரசுப் புள்ளிவிவரத்தில் சென்னையிலிருந்து விசாவில் வரும் மாணவர் ஆசியர் அல்லர், வெளிநாட்டவர். அமெரிக்காவில் பிறந்த என் மகள் ஆசியர். சீனர், மோங் இனத்தவர், தமிழர் எல்லாருக்கும் அந்த ஒரே கட்டம்தான். புரோஷரில் வெளிநாட்டவரையும் சேர்த்து ஒரே சதவீதமாகச் சொன்னால் எங்களுக்கு என்ன விளங்கும்?

2023 ஜூனில் உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்ளும் முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அடுத்த ஆண்டு எம்.ஐ.டி.யின் புதிய மாணவர்களில் கறுப்பர் பங்கு ஏறக்குறைய 13 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகச் சரிந்தது. கசப்பான அந்தக் கணக்கை எம்.ஐ.டி.யே வெளியிட்டது. அந்த நேர்மையைத்தான் உங்கள் எல்லாரிடமும் எதிர்பார்க்கிறேன்.

வளாகம் சுற்றிக்காட்டும் மாணவரிடம் இனப் பன்மையைப் பற்றிக் கேட்டால், கலாசார சங்கங்களையும் தீபாவளி விருந்தையும் சொல்கிறார். விருந்து ஒரு நாள். பிள்ளை இருக்கப்போவது நான்கு ஆண்டு. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டுக்குத் திரும்பி வந்தார்கள்? ஒவ்வொரு இனத்திலும் எத்தனை பேர் 6 ஆண்டுக்குள் பட்டம் பெற்றார்கள்? பேராசிரியர்களில் யார் யார் இருக்கிறார்கள்? விடுதியில் ஒரு பிள்ளையை நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தினால் புகாரை விசாரிப்பது யார், எத்தனை நாளில்?

பட்டம் பெற்றோர் கணக்கு அரசின் ‘காலேஜ் நேவிகேட்டர்’ தளத்தில் இனவாரியாக இருக்கிறது. ஆனால் முதல் தலைமுறையாகக் கல்லூரியை எட்டிப்பார்க்கும் குடும்பத்துக்கு அப்படியொரு தளம் இருப்பதே தெரியாது. உங்களிடம் இருக்கும் கணக்கை அவர்கள் ஏன் தேடி அலைய வேண்டும்?

இந்த நான்கு கேள்விகளுக்கும் விடையை உங்கள் புரோஷரிலேயே அச்சிடுங்கள். அச்சிடாத கல்லூரிக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டுவதில்லை என்று எங்கள் வீட்டில் முடிவாகிவிட்டது.

இப்படிக்கு,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தாய்