முடக்க உரிமை இருக்கு, சரி. உத்தரவு எங்கே?

தோழர்களே,

"தன் எல்லைக்குள்ள இணையத்தைக் கட்டுப்படுத்த எந்த நாட்டுக்கும் உரிமை இருக்கு, இதுல என்ன தப்பு?" நம்மைப் பார்த்து அடிக்கடி வீசப்படும் கேள்வி இது. நேராவே பதில் சொல்வோம். உரிமை இருக்கு. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தை கடத்துறாங்கன்னு பரவிய வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, குலதெய்வம் கும்பிட வந்த ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். அதுக்கு அப்புறமும் "எதையுமே தடுக்கக் கூடாது"ன்னு நாம சொல்ல மாட்டோம்.

நம்ம கேள்வி வேற. தடுத்தது யார், எந்தக் காரணத்துக்காக? அதை எழுத்தில் காட்டணுமா, வேண்டாமா?

2025 பிப்ரவரி 15 மாலை ஞாபகம் இருக்கா? விகடன் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. நெட் போச்சோன்னு போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணவங்க நம்மிலேயே எத்தனை பேர்! அமெரிக்கா இந்தியர்களை விலங்கிட்டுத் திருப்பி அனுப்பிய நேரம். டிரம்ப் பக்கத்தில் பிரதமர் விலங்கோடு உட்கார்ந்திருப்பது போல் விகடன் பிளஸ் அட்டையில் ஒரு கார்ட்டூன். (எனக்கே அது அவ்வளவா பிடிக்கலை. அது வேற விஷயம்.) முதலில் தளம் முடங்கியது, நோட்டீஸ் பிறகுதான் வந்தது. 19 நாள் கழித்து, மார்ச் 6-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது: கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுங்க, தளத்தைத் திறந்து விடுங்க.

சண்டை ஒரு படத்துக்கு. மூடியது மொத்தத் தளத்தை. ஏன்?

இன்ஜினியரிங் படித்தவங்களுக்குத் தெரியும். ஹெச்.டி.டி.பி.எஸ். தளத்தில் நீங்க எந்தப் பக்கம் படிக்கிறீங்கன்னு இணைய சேவை நிறுவனத்துக்குத் தெரியாது. தளத்தின் பெயர் மட்டும்தான் தெரியும். கடிதத்தைப் பிரிக்காமல் உறையில் உள்ள முகவரியை மட்டும் பார்ப்பது மாதிரி. அதனால நெட்வொர்க்கில் கை வைத்தால் ஒரு பக்கத்தைத் தனியா தடுக்க முடியாது, மொத்தத்தையும் சாத்த வேண்டியதுதான். ஒரு பக்கத்தை மட்டும் நீக்கணும்னா வெளியிட்டவரிடம்தான் கேட்கணும். அதுக்கு முதலில் நோட்டீஸ் கொடுக்கணும்!

சட்டமும் அதைத்தான் சொல்லுது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவில் நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு என்று காரணங்கள் எண்ணி வைக்கப்பட்டிருக்கு. பிரதமர் மனசு புண்படுவது அதில் இல்லை. 2015-ல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏ-வைத் தூக்கி எறிந்தது, 69ஏ-வை விட்டு வைத்தது. காரணத்தை எழுத்தில் பதிவு செய்யணும், அதை எதிர்த்து நீதிமன்றம் போகலாம் என்ற பாதுகாப்பு இருப்பதால்தான் விட்டு வைத்தது.

ஆனால் 2009 விதிகளில் 16-வது விதி, புகாரும் நடவடிக்கையும் ரகசியம் என்கிறது. ஆர்.டி.ஐ. போட்டாலும் அதைக் காட்டியே மறுக்கிறாங்க. பார்க்காத உத்தரவை எதிர்த்து எந்த நீதிமன்றம் போறது? இப்போ சஹ்யோக் தளம் வேற. 79(3)(பி) பிரிவைக் காட்டி, 69ஏ நடைமுறைகூட இல்லாமலேயே நீக்கச் சொல்லலாம்.

1987-ல் இதே விகடன் அட்டைப்பட ஜோக்குக்காக ஆசிரியர் எஸ்.பாலசுப்பிரமணியனுக்குத் தமிழ்நாடு சட்டமன்றம் 3 மாத சிறை விதித்தது. அநியாயம்தான். ஆனா தண்டித்தது யார், எதுக்குன்னு ஊருக்கே தெரிந்தது. எதிர்ப்பு கிளம்பியது, சில நாளில் வெளியே வந்தார். உயர் நீதிமன்றம் போய் 1,000 ரூபாய் இழப்பீடும் வாங்கினார். இன்னைக்கு அப்படி வழக்குப் போட, கையில் ஒரு காகிதம் வேணுமே!

விதி 16-ஐ நீக்கு. முடக்கும் ஒவ்வொரு உத்தரவையும் வெளியிடு. நாளை நாமே ஆட்சியில் இருந்தாலும் இதே கோரிக்கைதான். அன்னைக்கு இந்தப் பதிவை எடுத்துக் காட்டுங்க.

தோழர்களுக்கு ஒரு வேலை: ஏதாவது லிங்க் திறக்கலைன்னா உடனே "முடக்கிட்டாங்க"ன்னு ஃபார்வர்டு பண்ணாதீங்க. வேற சிம்மில், வைஃபையில் திறந்து பாருங்க. நேரம் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எந்த நெட்வொர்க்குன்னு குறிப்பிட்டு, மாவட்ட ஐ.டி. அணிக்கு அனுப்புங்க.

#உத்தரவைக்_காட்டு
#விதி16ஐ_நீக்கு