வாசலில் நிற்கும் ரசிகைகள்

கால்பந்து ரசிகனுக்குப் பண்டிகை நாள் எது என்று கேட்டால், தன் நாட்டு அணி உலகக் கோப்பைக்குத் தகுதி பெறுமா, பெறாதா என்பது தீர்மானமாகும் நாளைத்தான் சொல்வான். உலகக் கோப்பை ஆட்டங்கள் எங்கோ தொலை தேசத்தில் நடக்கும். அங்கே போய்ப் பார்க்க ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் வசதி உண்டு. தகுதி ஆட்டமோ சொந்த நாட்டில், சொந்த மைதானத்தில் நடக்கிறது. கொடி தைப்பதும், முகத்தில் வர்ணம் பூசிக்கொள்வதும், வெளியூரிலிருந்து பஸ் ஏறித் தலைநகர் போய்ச் சேருவதும் அந்த ஒரு நாளுக்காகத்தான்.

ஈரானில் இந்த உற்சாகம் எந்த நாட்டுக்கும் குறைந்ததல்ல. டெஹ்ரான் நகரில் ஆஸாதி மைதானம் என்று ஒன்று இருக்கிறது. 1974-ல் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்த பெரிய மைதானம். "ஆஸாதி" என்ற சொல்லுக்குச் சுதந்திரம் என்று பொருள். ஆனால், 1979 புரட்சிக்குப் பின் இரண்டோர் ஆண்டுகளில் அந்தச் சுதந்திரம் பெண்களுக்கு இல்லாமற் போய்விட்டது. ஆண்கள் ஆடும் கால்பந்தாட்டத்தைப் பெண்கள் மைதானத்தில் உட்கார்ந்து பார்க்கக் கூடாது என்பது வழக்கமாயிற்று. இதற்கென்று எழுதி வைத்த சட்டம் ஏதும் கிடையாது. வாசலில் நிற்பவர் "கூடாது" என்றால் கூடாது, அவ்வளவுதான்.

ஒட்டுத் தாடியும் தொப்பியும்

ஆகவே, அந்நாட்டு ரசிகைகள் ஆட்டத்துக்குச் செய்துகொள்ள வேண்டியிருந்த முன்னேற்பாடே வேறு. கூந்தலைச் சுருட்டித் தொப்பிக்குள் மறைக்க வேண்டும். அண்ணன் தம்பியின் தொளதொளத்த சட்டையை மாட்டிக்கொள்ள வேண்டும். 2018 ஏப்ரலில் ஐந்து பெண்கள் ஒட்டுத் தாடியும் பொய் முடியும் வைத்துக்கொண்டு ஆஸாதிக்குள் நுழைந்து ஆட்டம் பார்த்த படங்கள் உலகமெங்கும் பரவின. பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் ஓர் ஆட்டம் பார்ப்பதற்காகத் தன் உருவத்தையே மறைக்க வேண்டியிருக்கிறதே என்று எண்ணினால் சிரிப்பு வராது.

1997 நவம்பர் 29-ல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவுடன் நடந்த ஆட்டத்தில், இரண்டு கோல் பின்தங்கியிருந்த ஈரான், கடைசிக் கட்டத்தில் இரண்டையும் திருப்பிப் போட்டு, உலகக் கோப்பையில் எஞ்சியிருந்த ஒரே இடத்தைத் தட்டிச் சென்றது. அணி நாடு திரும்பியபோது ஆஸாதியில் வரவேற்பு. பெண்கள் வீட்டிலேயே இருந்து டெலிவிஷனில் பார்க்கும்படி சொல்லப்பட்டது. அதைக் கேளாமல் ஆயிரக்கணக்கான பெண்கள் வாசலில் கூடி, உள்ளே போயே தீர்ந்தார்கள்.

2005 ஜூன் 8-ல் பஹ்ரைனுடன் மற்றொரு முடிவான ஆட்டம். அன்றும் ஒரு சிறு கூட்டம் பெண்கள் விடாப்பிடியாக வாசலில் நின்று, பிற்பாதி ஆட்டத்துக்கு உள்ளே போனார்கள். ஈரான் 1-0 என்று வென்று தகுதி பெற்றது. தம் மகளை மைதான வாசலில் தடுத்ததைக் கண்ட டைரக்டர் ஜாஃபர் பனாஹி, இதே ஆட்டத்தன்று படப்பிடிப்பு நடத்தி, "ஆஃப்சைடு" என்ற படத்தை எடுத்தார். பெர்லின் விழாவில் பரிசு பெற்ற அந்தப் படத்தை ஈரான் கொட்டகைகளில் திரையிட அனுமதி கிடைக்கவில்லை.

ஓர் உயிர் போன பிறகு

2006-ல் அன்றைய ஜனாதிபதி அஹ்மதி நெஜாத் தடையை நீக்குவதாக அறிவித்தார். மத குருமார்கள் எதிர்த்தார்கள். அறிவிப்பு சில நாட்களிலேயே வாபஸ் ஆயிற்று. பிறகு பல ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை. 2019-ல், ஆண் உடையில் ஆஸாதிக்குச் சென்று பிடிபட்ட 29 வயது ரசிகை ஒருவர், சிறைத் தண்டனை வரும் என்று அஞ்சி, நீதிமன்ற வாசலில் உயிரை மாய்த்துக்கொள்ள முனைந்து, செப்டம்பரில் ஆஸ்பத்திரியில் இறந்தார். அவருடைய அபிமான அணியின் நிறம் நீலம். அதனால் "நீலப் பெண்" என்று உலகம் அவரை அழைத்தது.

அதன் பிறகுதான் சர்வதேசக் கால்பந்து ஸ்தாபனமான ஃபிஃபா குரலை உயர்த்தியது. 2019 அக்டோபர் 10-ல் கம்போடியாவுடன் நடந்த தகுதி ஆட்டத்துக்குப் பெண்களுக்கென்று டிக்கெட் விற்றார்கள். முதலில் விட்ட டிக்கெட்டுகள் ஒரு மணி நேரத்துக்குள் தீர்ந்தன. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் தனிப் பகுதியில் அமர்ந்து, தங்கள் அணி 14-0 என்று வென்றதைக் கண்டு களித்தார்கள்.

2022 ஜனவரி 27-ல் ஈராக்குடன் ஆட்டம். வென்றால் உலகக் கோப்பைக்குத் தகுதி. பெண்களுக்குச் சுமார் 2,000 இடங்கள் ஒதுக்கப்பட்டன. மெஹ்தி தாரெமி போட்ட ஒரே கோலினால் ஈரான் ஜெயித்தது. இனிக் கவலையில்லை என்று ரசிகைகள் எண்ணினார்கள்.

சுமார் இரண்டு மாதம் கழித்து, மார்ச் 29-ல், மஷாத் நகரில் லெபனானுடன் ஆட்டம் நடந்தது. சுமார் 2,000 பெண்கள் டிக்கெட்டுடன் வந்து வாசலில் நின்றதாக அந்நாட்டுச் செய்தி நிறுவனமே தெரிவித்தது. கதவு திறக்கவில்லை. அவர்கள் மீது மிளகுப் பொடித் திரவம் தெளிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. "சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான்" என்ற பழமொழிக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. பிறகு அதிகாரிகள் வருத்தம் தெரிவித்தார்கள்; விசாரணைக்கு உத்தரவாயிற்று. வாசலோடு திரும்பிய பெண்களுக்கு அந்த ஆட்டம் போனது போனதுதான்.

பாதுகாப்பு என்ற வாதம்

மைதானத்தில் ஆண்கள் முரட்டுத்தனமாக நடந்துகொள்கிறார்கள், தகாத வார்த்தைகள் பேசுகிறார்கள், ஆகவே பெண்களின் நன்மைக்காகத்தான் இந்தத் தடை என்று ஒரு வாதம் கூறப்படுகிறது. தகாத வார்த்தை பேசுகிறவனைத் திருத்துவதா, கேட்க நேர்கிறவளை வெளியே நிறுத்துவதா? மேலும், மைதானம் ஆபத்தான இடமாக இருந்தால் அது ஆண்களுக்கும் ஆபத்துதான். 2005 மார்ச்சில் ஆஸாதியில் ஜப்பானுடன் நடந்த ஆட்டம் முடிந்து மக்கள் வெளியேறும்போது நெரிசலில் 7 பேர் இறந்தார்கள். அதற்குப் பரிகாரம் வழிகளை அகலப்படுத்துவதும் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதும்தான். ஆண்கள் இனி வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

2022 ஆகஸ்டிலிருந்து சில உள்நாட்டுப் பந்தய ஆட்டங்களுக்கும் பெண்கள் அனுமதிக்கப்பட்டிருக்கிறார்கள். இது முன்னேற்றம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் உலகமே உற்று நோக்கும் ஆட்டத்துக்குக் கதவு திறப்பதும், கவனம் சற்றுத் திரும்பியதும் மூடிக்கொள்வதும் முறையாகாது. இன்று அனுமதி உண்டா, இல்லையா என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விசாரித்துக்கொண்டிருக்க வேண்டிய நிலைமையை உரிமை என்று எப்படிச் சொல்வது? அது தயவு. கொடுத்தவர் மனம் மாறினால் தயவும் மாறிவிடும்.

ஆண், பெண் என்று பேதம் பாராட்டுவதை ஃபிஃபாவின் நான்காவது விதி தடை செய்கிறது. மீறும் சங்கத்தை விலக்கி வைக்கவும் அதில் இடமுண்டு. ஆனால் அப்படி விலக்கினால், ஒரு தவறும் செய்யாத ஆட்டக்காரர்களும் ரசிகர்களுமே தண்டனை அனுபவிப்பார்கள். அந்த நிலைமை வராமல் காப்பது ஈரான் கால்பந்துச் சங்கத்தின் பொறுப்பு. செய்ய வேண்டியது அதிகமில்லை. எந்த மைதானத்தில், எந்த ஆட்டமானாலும் பெண்களுக்கு டிக்கெட் உண்டு என்று விதி எழுதி வெளியிட வேண்டும். விற்ற டிக்கெட்டை வாசலில் மறுக்கிறவர் யாராயிருந்தாலும் பதில் சொல்ல வேண்டும். ஒட்டுத் தாடியும் தொப்பியும் இல்லாமல், கையில் கொடியை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தப் பெண்கள் ஆட்டத்துக்குப் புறப்பட அதுவே போதும்.