திறமை ஆட்டம் என்ற மயக்கம்

“போக்கர் ஒண்ணும் சூது இல்லண்ணே, மூளை விளையாட்டு. அடிப்படையப் படிச்சுட்டா மாசச் சம்பளம் மாதிரி எடுக்கலாம்.” ஆழ்வார்திருநகரி டீக்கடைகளில் செல்போனும் கையுமாக இருக்கும் தம்பிமார் இதை நம்பியே சொல்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. தவறு என்று காட்ட அவர்கள் சொல்லும் அந்த அடிப்படையே போதும்.

ஒரு கட்டில் 52 சீட்டு. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக வரும். ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக மேசையில் விழும். முதல் இரண்டும் ஏஸாக வருவது 221 ஆட்டத்துக்கு ஒருமுறை. வந்தே விட்டது, எதிராளியிடம் இரண்டு ராஜா என்று வைத்துக்கொள்வோம். இருப்பதை எல்லாம் வைத்து ஆடினாலும் நூற்றுக்குச் சுமார் 18 முறை ராஜாக்காரரே அள்ளிக்கொண்டு போவார். மிகச் சிறந்த சீட்டுக்கே இந்தக் கதி.

திறமைக்கு இடமே இல்லை என்று நான் வாதாடவில்லை. சுமாரான சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கத் தெரிந்தவர், நாள்பட ஆடினால், தெரியாதவரின் பணத்தை எடுப்பார். அந்தத் தெரியாதவர் யார்? நேற்று அடிப்படை படித்துவிட்டு இன்று உட்கார்ந்தவர்தான். மேசையில் பணம் விளைவதில்லை, கை மாறுகிறது. நடத்துபவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் 5 சதவீதம் எடுத்தால், 1,000 ரூபாய் பந்தயத்தில் 50 ரூபாய் ஆடுபவர் எவருக்கும் கிடைக்காது. ஆக, மொத்தமாகப் பார்த்தால் உட்கார்ந்தவர்களுக்கு நஷ்டம்தான்.

“கோர்ட்டே திறமை ஆட்டம்னு சொல்லிடுச்சே” என்பார்கள். உண்மை, 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அப்படித்தான் வகைப்படுத்தியது. ஆனால் திறமை ஆட்டம் என்றால் உங்களுக்கு அந்தத் திறமை இருக்கிறது என்று பொருளா? 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல், பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது. குடும்பங்கள் பட்ட பாட்டுக்கு அது தாமதமான நியாயம்.

வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதம் ஆடிக் கண்விழிக்கும் மரபு நம்முடையது. விளையாட்டு நமக்கு விரோதமில்லை. போக்கரையும் புளியங்கொட்டை வைத்து ஆடுங்கள், கணக்கு கூர்மையாகும். காசு வைக்கச் சொல்லி யாராவது கூப்பிட்டால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “இங்கே தோற்கப்போவது யார்?” போக்கரின் முதல் பாடம் அந்தக் கேள்விதான். அதற்கு நேர்மையாகப் பதில் தேடுகிறவர் அந்த மேசையில் உட்கார மாட்டார்.